காலில் கட்டை சுமந்த சிறுவன்

ஈரோட்டுத் தெருவிலே ஒரு சிறுவன் நடந்து வருகிறான். இரண்டு காலிலும் விலங்கு. விலங்கோடு பிணைத்த மரக்கட்டைகள். கட்டைகளைத் தூக்கி இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு, விளையாட்டுத் தோழர்களைத் தேடி நடக்கிறான்.

என்ன குற்றம் செய்தான்? திருடினானா? வைக்கோற்போருக்குத் தீ வைத்தானா? இல்லை. தாகம் எடுத்தது, தண்ணீர் குடித்தான். தண்ணீர் தந்த வீடு எந்தச் சாதியார் வீடு என்று கேளாமல் குடித்தான். அதுதான் குற்றம்! விலங்கு பூட்டியது வெள்ளைக்கார சர்க்காரா? அல்ல. பெற்றெடுத்த தாயும் தந்தையும்!

அந்தச் சிறுவனின் பெயர் இராமசாமி. பின்னாளில் நாடு அவரைப் பெரியார் என்று அழைத்தது. வைக்கத்திலே அவர் சிறை புகுந்ததை மேடைதோறும் பேசியிருக்கிறோம். சேரன்மாதேவியிலே அவர் கொதித்தெழுந்ததைப் பேசியிருக்கிறோம். அந்த மரக்கட்டையைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேசியதில்லை. இன்று பேச வேண்டியிருக்கிறது தோழர்களே!

பெற்ற பிள்ளையைப் பெற்றோர் அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுக்கலாமா என்ற கேள்வி உலகமெல்லாம் சுற்றிவிட்டு, நம் ஊர்த் தேநீர்க்கடை பெஞ்சுக்கும் தறிப்பட்டறை வாசலுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. என் பிள்ளை, நான் அடிக்கிறேன், இதில் சர்க்காருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நம் தோழர்களிலேயே இருக்கிறார்கள். கொடி பிடிக்கும் கை, மாலையிலே வீடு திரும்பியதும் பிள்ளையின் முதுகில் இறங்குகிறது. அந்தக் கைக்கு உரியவர்களுக்காகத்தான் இந்த வாழ்க்கையை வேறொரு பக்கத்திலிருந்து சொல்ல வருகிறேன்.

1879ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இராமசாமி பிறந்தார். தந்தை வெங்கட்ட நாயக்கர், தாய் சின்னத்தாயம்மாள். வெங்கட்டர் பிறவிச் சீமானல்லர். கூலி வேலை செய்தார், சிறுகடை வைத்தார், மண்டி வைத்தார். உழைத்து உழைத்து ஊரறிந்த வணிகரானார். செல்வம் வந்தது, பக்தியும் பெருகிற்று. வீட்டுக்குப் பாகவதர்கள் வந்தார்கள், புராணிகர்கள் வந்தார்கள், விருந்துண்டு போனார்கள். ஆசாரம் அந்த வீட்டின் அணிகலனாயிற்று.

இளம் பருவத்திலே இராமசாமி வளர்ந்தது அந்தச் செல்வ வீட்டில் அல்ல. உறவுக்காரக் கைம்பெண் ஒருவர் அவரை வளர்ப்புப் பிள்ளையாக எடுத்துச் சென்றார். அங்கே ஏழ்மை இருந்தது, பழைய சோறு இருந்தது, கட்டற்ற சுதந்திரமும் இருந்தது. பையன் தெருவிலே வளர்ந்தான். தெரு அவனுக்குச் சாதியைக் கற்றுக் கொடுக்கவில்லை. வீடுதான் கற்றுக் கொடுக்க முயன்றது.

திண்ணைப் பள்ளியிலே சேர்த்தார்கள். பள்ளியைச் சுற்றி ஆசாரக்காரர்கள் தாழ்த்தி வைத்த மக்களின் வீடுகள். அங்கெல்லாம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது, வாத்தியார் வீட்டிலே மட்டும் குடிக்கலாம் என்று கட்டளை. வாத்தியார் வீட்டிலே என்ன நடந்தது? அந்த வீட்டுச் சிறுமி உயரத் தூக்கித் தண்ணீரை ஊற்றுவாள். இவன் குடித்து வைத்த பாத்திரத்தின் மேல் தண்ணீர் தெளித்துக் கழுவி எடுத்து உள்ளே கொண்டு போவாள். நான் தொட்டால் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்துவிடும் என்ற கேள்வி அந்தப் பிஞ்சு உள்ளத்திலே முளைத்தது. அன்றிலிருந்து அவன் கழுவாத பாத்திரத்தையும் முகம் சுளிக்காத மனிதரையும் தேடிப் போனான். எந்த வீட்டிலே அன்போடு கொடுத்தார்களோ அந்த வீட்டிலே குடித்தான். தின்பண்டமும் வாங்கித் தின்றான்.

செய்தி வீட்டுக்கு எட்டிற்று. கண்டித்தார்கள், கேட்கவில்லை. மிரட்டினார்கள், மடங்கவில்லை. கடைசியிலே விலங்குக் கட்டை வந்தது. ஒருநாள், இருநாள் அல்ல, ஏறத்தாழ 15 நாள்!

பலன் என்ன? கட்டையைத் தோளிலே தூக்கிப் போட்டுக்கொண்டு அவன் அதே தெருவுக்குப் போனான், அதே தோழர்களோடு ஆடினான். கால்களைக் கட்டிய பெற்றோரால் அவன் கேள்வியைக் கட்ட முடியவில்லை. தண்டித்தால் திருந்துவான் என்ற கொள்கைக்கு ஈரோட்டுத் தெருவே கண்கண்ட மறுப்பாக இருந்தது.

பள்ளியிலே மட்டும் என்ன வாழ்ந்தது? திண்ணைப் பள்ளியும் நகராட்சிப் பள்ளியுமாகச் சில ஆண்டுகள். அங்கே வாத்தியார் அவனை அடித்தார், அவன் மற்றப் பையன்களை அடித்தான். இனி யாரையும் அடிக்க மாட்டேன் என்று நூற்றுக்கணக்கான முறை எழுதும் தண்டனையும் கிடைத்தது. இதையெல்லாம் பிற்காலத்தில் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். அடித்துக்கொண்டே, அடிக்காதே என்று பாடம் நடத்தினால் மாணவன் எந்தப் பாடத்தைக் கற்பான்? கையிலே பார்த்ததைக் கற்பான், காதிலே கேட்டதை மறப்பான். படிப்பு நின்றது. வளர்ந்தபின் தமிழ்நாட்டையே படிக்க வைத்த மனிதருக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவோடு முடிந்தது.

பிறகு மண்டியிலே உட்கார வைத்தார்கள். இங்கேதான் தோழர்களே, கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். மூட்டைகளுக்கு விலாசம் எழுதும் வேலை, சரக்கை ஏலம் கூறும் வேலை. பிரம்பு இல்லை, விலங்கு இல்லை. பொறுப்பு கொடுத்தார்கள், நம்பிக்கை வைத்தார்கள். பள்ளிக்கு ஆகாதவன் என்று பெயரெடுத்த பையன் வணிகத்திலே கெட்டிக்காரனானான். ஓய்ந்த வேளையிலே, மண்டிக்கு வரும் புராணிகர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டு வாதத்திலும் வல்லவனானான். அடி சாதிக்காததை நம்பிக்கை சாதித்தது!

திருமணப் பேச்சு வந்தது. பெற்றோர் செல்வ வீட்டுப் பெண்ணை நாடினர். இராமசாமி, வசதியில்லாத உறவுக்காரப் பெண் நாகம்மையைத்தான் மணப்பேன் என்று நின்றார், மணந்தார். ஒரு பெண் குழந்தை பிறந்து, ஐந்தாம் மாதமே மறைந்தது. அதன் பிறகு பிள்ளையில்லை.

இப்போது இரண்டாவது அடியைச் சொல்கிறேன். சிறுவன்மேல் விழுந்த அடியல்ல, மணமாகி மண்டிப் பொறுப்பைச் சுமந்துகொண்டிருந்த வாலிபர்மேல் விழுந்த அடி.

மதகுரு ஒருவர் பரிவாரத்தோடு ஈரோட்டிலே வந்து தங்கினார். அவருடைய தம்பி, கடன் வாங்கிவிட்டுத் தலைமறைவாகத் திரிந்தவர். அவர்மேல் நீதிமன்றத்தின் பிடி ஆணை இருந்தது. கடன் கொடுத்தவர் இராமசாமியிடம் முறையிட்டார். இராமசாமி சத்திரத்துக்கே போய், நீதிமன்றச் சேவகருக்கு ஆளைக் காட்டிப் பிடித்துக் கொடுத்தார். சட்டப்படி சரியான செயல். சாத்திரப்படி? பார்ப்பன விருந்து கெட்டது, புனிதம் போயிற்று என்று கூச்சல் எழுந்தது. செய்தி கேட்டு வெகுண்ட வெங்கட்டர், மகனைச் செருப்பால் அடித்தார். வளர்ந்த மகனை, மணமான மகனை, ஊரார் மதித்த வணிகனைச் செருப்பால் அடித்தார்!

இரண்டு அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறுவன் சாதியை மதிக்காமல் தண்ணீர் குடித்தான், விலங்கு. வாலிபர் சாதியைப் பாராமல் கடன்காரரைப் பிடித்துக் கொடுத்தார், செருப்பு. இரண்டு முறையும் பிள்ளை செய்தது நியாயம். இரண்டு முறையும் பெற்றோர், பிள்ளையின் நன்மைக்காக என்று நம்பித்தான் தண்டித்தார்கள். அடிக்கிற கைக்குத் தான் நியாயத்தை அடிக்கிறோமா அநியாயத்தை அடிக்கிறோமா என்று தெரிவதில்லை. ஊர் என்ன சொல்லும் என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

தந்தையோடு ஏற்பட்ட கசப்பு முற்றி, 1904ஆம் ஆண்டு வாக்கிலே இராமசாமி வீட்டை விட்டுப் புறப்பட்டார். வடக்கே போனார், காசியை அடைந்தார். அங்கே சத்திரங்கள் இருந்தன, சோறும் இருந்தது. பார்ப்பனருக்கு மட்டும் என்று காவலும் இருந்தது. பசி பொறுக்காமல், வெளியே எறிந்த எச்சில் இலையிலே மிஞ்சியதை உண்டார் செல்வர் வீட்டுப் பிள்ளை. மடம் ஒன்றிலே வில்வ இலை பறித்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். அலைந்து திரிந்து, கடைசியிலே ஆந்திரத்து ஏலூருக்கு வந்து சேர்ந்தார்.

மகன் ஏலூரில் இருக்கிறான் என்று தெரிந்ததும் வெங்கட்டர் ஆள் அனுப்பவில்லை. தாமே புறப்பட்டுப் போனார், அழைத்து வந்தார். வந்ததும் மண்டியையே மகன் பெயருக்கு மாற்றி வைத்தார்.

தோழர்களே, வெங்கட்டரைக் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. மகனைத் தேடி ஏலூர் வரை போன கால்கள் அன்பின் கால்கள்தாம். ஆனால் அதே அன்பு, செருப்பைத் தூக்கியபோது எங்கே போயிற்று? போகவில்லை, அங்கேயேதான் இருந்தது. அன்பு இருந்தும் அடி விழுந்தது. பெற்றோருக்கு அன்பில்லையா என்ன, அன்பால் அடிக்கிறார்கள் என்று இன்று வாதாடுகிறோமே, அந்த வாதம் இங்கே சுக்குநூறாகிறது. அன்பு அடியைத் தடுக்கவில்லை. அடிதான் அன்பைக் காசி வரைக்கும் துரத்தி அடித்தது.

1911இல் வெங்கட்டர் மறைந்தார். பிறகு வந்த வரலாறு உங்களுக்கு மனப்பாடம். ஈரோடு நகராட்சித் தலைவர் பதவி, காங்கிரசு, கள்ளுக்கடை மறியல், 1924இல் வைக்கம். அதை அடுத்து எழுந்த சேரன்மாதேவி குருகுலப் பிரச்சினையை மட்டும் நினைவூட்டுகிறேன். பொதுமக்கள் பணத்திலே நடந்த அந்தப் பள்ளியில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி. பெரிய தலைவர்கள் பலர், இது ஒரு சின்ன விஷயம், இரண்டு பிள்ளைகள் தனியே சாப்பிட்டால் என்ன என்று கருதினார்கள். ஈரோட்டாருக்கு மட்டும் அது ஏன் பெரிய விஷயமாயிற்று? வாத்தியார் வீட்டுத் திண்ணையிலே கழுவி எடுத்த பாத்திரத்தை அவர் மறக்கவில்லை. குழந்தையின் மானத்தில் விழும் கீறல் ஆயுள் முழுதும் ஆறாது என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை, பட்டு அறிந்தார்.

1925இல் குடிஅரசு பிறந்தது. 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது, மணமுறிவு உரிமை கேட்டது. அதே 1929இல் சாரதா சட்டம் நிறைவேறிற்று. பெண்ணுக்கு 14 வயதும் ஆணுக்கு 18 வயதும் ஆகாமல் மணமுடிக்கக் கூடாது என்றது. சனாதனிகள் என்ன கூவினார்கள் தெரியுமா? என் பெண், எப்போது கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், வீட்டுக்குள்ளே சர்க்கார் நுழையலாமா என்று கூவினார்கள். நம் இயக்கமும் குடிஅரசும் சட்டத்தின் பக்கம் நின்றன. பிள்ளை பெற்றோரின் உடைமையல்ல என்ற அடிப்படையிலேதான் நின்றன. அன்று சனாதனிகள் கூவிய அதே வாசகத்தை இன்று தேநீர்க்கடையிலே நம் தோழர் பேசுவது எவ்வளவு வேதனை! என் பெண் என்ற இடத்திலே என் பிள்ளை, கட்டிக் கொடுப்பேன் என்ற இடத்திலே அடிப்பேன். சொல் மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை.

பெரியார் பிள்ளையை அடிப்பதற்குத் தடைச்சட்டம் கேட்டார் என்று நாம் கதை கட்ட வேண்டாம். அவர் கேட்டது அதைவிட அடிப்படையானது. எந்த மனிதரும் எந்த மனிதருக்கும் அடிமையல்ல என்றார். கணவனுக்கு மனைவி அடிமையல்ல என்றால், தந்தைக்குப் பிள்ளை மட்டும் அடிமையா? மனைவியை அடிப்பது கணவன் உரிமை என்று ஒரு காலம் பேசிற்று. 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தால் குடும்பங்கள் கெட்டுவிட்டனவா? அடிதான் வெட்கப்பட வேண்டியதாயிற்று.

இன்னொரு வாதம் கேட்கிறேன். அடிபட்டதால்தானே பெரியார் பெரியாரானார் என்று குறும்பாகக் கேட்பார் சிலர். முருங்கையை முறித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று பழமொழியும் துணைக்கு வரும். நான் கேட்கிறேன், அந்தக் காலத்திலே விலங்குக் கட்டை பூட்டப்பட்ட பிள்ளை இராமசாமி ஒருவன்தானா? மற்றப் பிள்ளைகள் எங்கே? கட்டைக்குப் பணிந்து, சாதிக்குப் பணிந்து, தம் பிள்ளைகளுக்கும் கட்டை பூட்டி மறைந்தார்களே, அவர்களை யார் கணக்கெடுத்தார்? வெள்ளத்திலே விழுந்து ஒருவன் நீந்திக் கரையேறினால், வெள்ளம் நீச்சல் கற்பிக்கும் ஆசான் என்றா சொல்வது?

1944இல் கடலூரிலே ரிக்சாவில் போய்க்கொண்டிருந்த பெரியார்மேல் எதிரி ஒருவன் செருப்பை வீசினான். வண்டியைத் திருப்பச் சொல்லி, மற்றொரு செருப்பையும் எடுத்துக்கொண்டு போனார் அவர். ஒற்றைச் செருப்பு இருவருக்கும் பயன்படாதல்லவா! இன்று அந்த இடத்திலே அவருக்குச் சிலை இருக்கிறது. எதிரியின் செருப்பை அவரால் சிரித்துத் தள்ள முடிந்தது. தந்தையின் செருப்போ அவரைக் காசி வரை விரட்டிற்று. ஊரான் அடி உடம்பில் விழுகிறது, பெற்றவர் அடி உள்ளத்தில் விழுகிறது.

இன்றைய நிலை என்ன? 2007இல் மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு குழந்தைகள் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளானவர்கள். குடும்பத்துக்குள் அப்படி அடிபட்ட பிள்ளைகளில் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோர்!

பள்ளியிலே பிரம்பைச் சட்டம் பிடுங்கிவிட்டது. தமிழ்நாடு 2003இலேயே கல்வி விதியைத் திருத்தியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுவதற்கும் தடை போட்டது. வீட்டிலே? 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, பொறுப்பிலுள்ளவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் சாதாரண அடியை அது பெயர் சொல்லித் தடுக்கவில்லை. அதற்கு நேர்மாறாக, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு காப்பாளர் செய்வது குற்றமாகாது என்றது. 1860இல் வெள்ளையர் எழுதிய அந்த வாசகம், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 27ஆம் பிரிவாகக் குடியேறிவிட்டது. நல்லெண்ணம்! வெங்கட்டருக்கும் நல்லெண்ணம்தான். விலங்குக் கட்டையும் நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆசிரியர் அடித்தால் குற்றம், அப்பன் அடித்தால் நல்லெண்ணம் என்றால், குழந்தையின் முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியுமா?

சுவீடன் நாடு 1979லேயே பெற்றோரும் அடிக்கக் கூடாது என்று சட்டம் செய்தது. செருமனி 2000இல் செய்தது. பக்கத்து நேபாளம் 2018லும், சப்பான் 2020லும் செய்தன. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அந்த வரிசையில் நிற்கின்றன. சுவீடன் எப்படிச் செய்தது என்பதுதான் நமக்குப் பாடம். பெற்றோரைச் சிறையிலே அடைக்க அந்தச் சட்டம் வரவில்லை. அதில் தனித் தண்டனையே எழுதவில்லை. அடிக்கக் கூடாது என்று நாடறியச் சொன்னது. வீடு வீடாகச் சிறு நூல் அனுப்பியது. பால் பெட்டியிலே அச்சிட்டுக் காலை உணவு மேசைக்கே செய்தியைக் கொண்டுபோனது. நம் ஆவின் பாக்கெட்டிலே அச்சிட இடமில்லையா? நியாயவிலைக் கடைச் சுவரிலே எழுத இடமில்லையா?

உழைக்கும் தோழரின் அச்சத்தையும் நான் அறிவேன். பன்னிரண்டு மணிநேரம் தறியோசையிலே நின்று, செவி மரத்து, கூலிக்குக் கணக்குப் பார்த்து வீடு வருகிறார். பிள்ளை அடம் பிடிக்கிறது, கை நீள்கிறது. ஒற்றை அறை வீட்டிலே விழும் அடி ஊருக்கே கேட்கிறது. பங்களாவில் விழும் அடி மதிலைத் தாண்டுவதில்லை. சட்டம் வந்தால் காவலர் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார் என்று கேட்கிறார். நியாயமான கேள்வி! ஆகவேதான் சட்டம் கைவிலங்கோடு வரக் கூடாது என்கிறேன். தந்தையைச் சிறைக்கு அனுப்பிப் பிள்ளையைப் பட்டினி போடும் சட்டம் நமக்கு வேண்டாம். 27ஆம் பிரிவு தரும் நிழலை நீக்கட்டும். அடி தவறு என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதட்டும். முதலில் அங்கன்வாடி ஊழியரும் ஆசிரியரும் செவிலியரும் பேசட்டும். காயம் உண்டாக்கும் கொடுமைக்கு மட்டும் தண்டனைச் சட்டம் வரட்டும். வேலை நேரமும் கூலியும் சீர்பட நாம் நடத்தும் போராட்டமும் பிள்ளையின் முதுகைக் காக்கும் போராட்டந்தான்.

கடைசியாக ஒன்று. இது வெறும் முதுகுப் பிரச்சினை அல்ல. இந்தக் கொங்கு மண்ணிலே 2016இல் உடுமலைப்பேட்டைக் கடைவீதியில், சாதி மாறி மணந்த இளைஞனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். என் பெண், என் விருப்பப்படிதான் வாழ வேண்டும் என்ற எண்ணம் ஒரே நாளிலா அரிவாளாகிறது? அந்தத் தெருப் பையனோடு சேராதே என்று ஐந்து வயதில் விழும் அடியிலே அது முளைவிடுகிறது. அன்று தண்ணீருக்காக மாட்டிய விலங்கும், இன்று காதலுக்காகத் தூக்கும் அரிவாளும், பிள்ளை என் உடைமை என்ற ஒரே பட்டறையிலே அடித்தவை. அடிக்கும் உரிமையை ஒழிக்காமல் ஆணவக் கொலையை ஒழிப்போம் என்பது, வேரை விட்டுக் கிளையை வெட்டுவதாகும்.

செப்டம்பர் 17 வரும். சிலைக்கு மாலை போடுவோம். 2021இல் சமூகநீதி நாள் என்று அரசு அறிவித்த அந்த நாளிலே உறுதிமொழியும் எடுப்போம். எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதோடு ஒன்று கூடுதலாகச் செய்யுங்கள். மாலை போட்ட கையோடு வீட்டுக்குப் போங்கள். அங்கே ஒரு பிள்ளை உங்களிடம் ஏதோ ஒரு கேள்வி கேட்கும், எரிச்சலூட்டும் கேள்வியாகவே இருக்கும். அடிக்காமல் பதில் சொல்லுங்கள். சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ஒவ்வொரு தோழரின் வீடும் அந்தச் சட்டம் நடைமுறையிலுள்ள நாடாக இருக்கட்டும்!